நிற்காத வாசனை

எங்கள் வீட்டு மாடியை வாடகைக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். இந்த அம்மாள் சுவரை முகர்ந்து பார்த்தார்.

படுக்கையறையின் வடக்குச் சுவரோரம் போய் நின்றார். ரகசியம் கேட்பவர்போல முகத்தை அதன் அருகே கொண்டுபோய், கண்ணை மூடி, மூச்சை மெதுவாக இழுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இங்க மழைத்தண்ணி இறங்குது சார். சுண்ணாம்பு அடிச்சு மூடியிருக்கீங்க" என்றார்.

அரசுப் பணியில் எத்தனையோ தணிக்கைகளைப் பார்த்தவன் நான். மூக்கால் தணிக்கை செய்கிறவரை அன்றுதான் பார்த்தேன். வீட்டை அவருக்கே கொடுத்தேன். எதையும் கண்டுபிடித்துவிடுகிறவரைத் தூரத்தில் வைப்பதைவிடப் பக்கத்தில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்பது என் அலுவலக அனுபவம்.

இது அபிராமபுரத்தில், மதராஸ் சென்னையாகப் பெயர் மாறிக்கொண்டிருந்த ஆண்டுகளில். நான் ஓய்வு பெற்று, எந்த விண்ணப்பத்தை எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும் என்று தெருவுக்கே இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு மகளிர் கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். நாற்பதைத் தாண்டியவர், திருமணம் செய்துகொள்ளாதவர், திருநெல்வேலிப் பக்கம். தெருவில் எல்லோரும் டீச்சர் என்றார்கள். "டீச்சர் இல்லம்மா, லெக்சரர்" என்று காய்கறி வண்டிக்காரியிடம் ஒருமுறை திருத்திச் சொன்னார். "சரி லெக்சர் டீச்சர், கத்திரிக்கா எவ்ளோ போடட்டும்?" என்றாள் அவள். அதோடு திருத்துவதை விட்டுவிட்டார்.

அவர் எதையும் முகர்ந்த பிறகுதான் நம்புவார். பால் பாக்கெட், பேப்பர், புதுப் புடவை, மாணவிகளின் ஆய்வகக் குறிப்பேடு, எதுவானாலும் முதலில் மூக்குக்குத்தான் போகும். மாடிப்படி இறங்கும்போதே, "மாமி, ரசத்துல பெருங்காயம் மறந்துட்டீங்க" என்பார். என் மனைவிக்கு முதல் நாள் கோபம் வந்தது. மறுவாரம் அவளே படியடியில் நின்றுகொண்டு, "செத்த இறங்கி வந்து இந்த வெண்ணெயை மோந்து பாரேண்டி. ஆத்துல இவருக்கு எல்லாமே ஒரே வாசனைதான்" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அவர் முகர்ந்து பார்க்கும் பொருள்களில் தம்பியின் கைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து படியேறியதும் அவன் இரண்டு கைகளையும் பிடித்து மூக்கருகே கொண்டுபோவார். அதன் பிறகுதான் "சாப்பிட்டியால?" என்று கேட்பார். எங்களிடம் கல்லூரித் தமிழ் பேசுகிறவருக்குத் தம்பியிடம் மட்டும் ஊர்த் தமிழ் வரும்.

அந்தக் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தாய் தகப்பன் இல்லாத தம்பியை இவர்தான் வளர்த்தார். அவன் தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலையில் இருந்தான். அங்கே விற்பனையாளர்கள் உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும். காலை முதல் இரவு வரை நின்று நின்று காலில் நரம்பு புடைத்துக்கொண்டது. ஒருநாள் மடிப்புக் கலையாத புடவைக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான். மேற்பார்வையாளர் ஏதோ சொன்னார், இவனும் ஏதோ சொன்னான், வேலை போயிற்று. சைதாப்பேட்டையைத் தாண்டி ஆற்றோரமாகக் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அவரைக்காய்ப் பந்தல் போட்டான். கீரையும் போட்டான். "பந்தலுக்குக் கீழ உக்காந்துக்கிட்டே வேலை பாக்கலாம் சார். கேக்க ஆளில்ல" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான். சைதாப்பேட்டைப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அவள் பறித்த அவரையைக் கூடையில் சுமந்துபோய் மார்க்கெட்டில் விற்றாள்.

நன்றாகத்தான் நடந்தது, ஒரு தை மாதம் வரை. பந்தலில் பூச்சி கண்டது. கடையில் கொடுத்த பூச்சிமருந்தை வாங்கி, சட்டை இல்லாத முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் அடித்தான். தெளிப்பான் ஒழுகியது. மாலையில் வாந்தி, வியர்வை, வாயெல்லாம் எச்சில். ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். ஆனால் அனுப்பும்போது டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி வந்தால் காப்பாற்ற முடியும் என்று என்னால் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார்.

அன்றே தம்பி அக்காவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான், இனி மருந்தைத் தொடுவதில்லை என்று. இவரும் அவனுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். "பூச்சிய நான் பாத்துக்கிடுதேன். நீ பந்தலப் பாரு. அடுத்த தை வாரதுக்குள்ள உன்னையக் கொல்லாம பூச்சிய மட்டும் கொல்லுத ஒண்ணு நான் கொண்டாந்து தாரேன்."

ஞாயிறுதோறும் நடந்த கை முகர்வு அந்தச் சத்தியத்தின் தணிக்கை.

அந்தப் பூச்சிக்குத் தமிழில் அசுவினி என்று பெயர். அவரைக் கொடியின் இளநுனியிலும் மொட்டுக் காம்பிலும் மிளகுப் பொடியைத் தூவியதுபோல ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். உறிஞ்சியதில் மிஞ்சியதை இனிப்புத் தண்ணீராகக் கழிக்கும். அதைக் குடிக்க எறும்புகள் ஊர்வலமாக வரும். இதன் பெண் பூச்சி ஆண் துணை இல்லாமலே குட்டி போடும் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஜாதகம் கிடையாது, கல்யாணம் கிடையாது, பதிவு கிடையாது. பிறக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த குட்டி தயாராக இருக்குமாம். எந்தத் துறையும் இவ்வளவு வேகமாகக் கிளை திறந்து நான் பார்த்ததில்லை.

"இந்த வருஷத்துக்குள்ள அசுவினிக்கு ஒரு வழி பண்ணியாகணும் மாமி. இல்லாட்டி என் தம்பி பிழைக்க மாட்டான்" என்று ஒருநாள் என் மனைவியிடம் சொல்லிக் கண் கலங்கினார். அவள் அசுவினி என்பதைத் தம்பியின் நட்சத்திரம் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் குளித்துவிட்டு மயிலாப்பூருக்குப் போனாள்.

"பேர் தெரியாது, நட்சத்திரம் அசுவினின்னு சொன்னேன். ஆயுசு கெட்டியா இருக்கணும், குடும்பம் விருத்தியாகணும்னு குருக்கள்கிட்ட நன்னா சொல்லிட்டு வந்தேன்" என்று குங்குமத்தை அவரிடம் நீட்டினாள்.

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "மாமி, தம்பி ரோகிணி. அசுவினி பூச்சி" என்றார்.

அந்த வாரம் எங்கள் மொட்டைமாடிச் செம்பருத்தியில் அசுவினி அப்படிப் பெருகியது. அர்ச்சனை பலிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அவர் நம்பியது வாசனையை. செடிகள் ஓட முடியாது, அதனால் வாசனையால் சண்டை போடுகின்றன என்பார். எலுமிச்சைப் புல், துளசி, ஓமவல்லி, கிராம்பு, தைல மர இலை, இவற்றின் வாசனை நமக்கு மணம், பூச்சிக்கு நஞ்சு. அந்த வாசனை இருப்பது இலையில் உள்ள எண்ணெயில். எண்ணெயைப் பிரித்தெடுத்துத் தண்ணீரில் கலந்து தெளித்தால், பூச்சி சாகும், தெளிப்பவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். அவ்வளவுதான் திட்டம். காகிதத்தில் எந்தத் திட்டமும் இப்படித்தான் இருக்கும்.

சமையலறைக் குக்கரில் விசில் இருந்த இடத்தில் ரப்பர் குழாயைச் செருகினார். குழாய் ஒரு செம்புச் சுருளுக்குள் போய், ஐஸ் போட்ட வாளி வழியாக இறங்கி, ஒரு கண்ணாடிக் குடுவையில் சொட்டும். ஒரு கூடைப் புல்லைப் போட்டால் தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய மஞ்சள் படலம் மிதக்கும். அதுதான் எண்ணெய். அது தண்ணீரோடு சேராது என்பதால் பூந்திக்கொட்டைக் கரைசலை ஊற்றிக் குலுக்குவார். வீடு முழுக்க, படிக்கட்டு முழுக்க, எங்கள் காப்பி முழுக்க எலுமிச்சைப் புல் வாசனை. அவர் சோறு வைத்ததும் அதே குக்கரில்தான். தனியாக ஒன்று வாங்கக் கூடாதா என்று என் மனைவி கேட்டாள். "பூச்சி செத்ததும் வாங்கறேன் மாமி."

நொச்சி இலையும் பூச்சிக்கு ஆகாது என்று தெரிந்ததும் நொச்சிக்குப்பத்துக்குப் போய்விட்டார், அந்தப் பெயரை நம்பி. கடலோரமாக நடந்து பார்த்திருக்கிறார். வலை, படகு, மீன், வெயில். நொச்சி மட்டும் இல்லை. அபிராமபுரத்திலிருந்து வருவதாகச் சொல்லி, மீன் விற்கிற ஒரு பெண்ணிடம் கேட்டிருக்கிறார்.

"நொச்சியா? இன்னாம்மா நீ, அது பேர்ல கீதும்மா. அபிராமபுரத்துல இன்னா அபிராமியா உக்காந்துக்கினு கீறா? சங்கரா வாங்கிக்கினு போ, ஃப்ரெஷா கீது."

சைவக்காரரான அவர் அன்று மாலை மீன் வாசனையோடு திரும்பி வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

பரிசோதனைக் களம் எங்கள் செம்பருத்தி. தினமும் காலையில் தெளித்துவிட்டுக் கல்லூரிக்குப் போவார். மாலையில் வந்து செருப்போடே மொட்டைமாடிக்கு ஏறுவார். இறங்கி வரும்போது நான் கேட்பேன், "என்னம்மா, போய்ச் சேந்தாங்களா?"

"மயங்கித்தான் கிடந்தானுங்க சார். காத்து பட்டதும் எழுந்து நடக்கறானுங்க."

இதுதான் அவர் எண்ணெயின் குணம். அடித்த உடனே பூச்சி விழும், சிலது சாகும். எறும்புகூடத் திரும்பிப் போகும். ஆனால் வெயில் ஏறியதும் எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். மதியத்துக்குள் இலையை முகர்ந்தால் வெறும் இலைதான். விழாமல் தப்பிய ஒரு பெண் பூச்சி போதும், மறுபடி குடும்பம் விருத்தியாகிவிடும்.

"நல்ல எண்ணெய் சார் என்னுது. ஆனா நிக்க மாட்டேங்குது" என்பார். கெட்ட பழக்கமுள்ள பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார்.

"அரசு ஊழியர் மாதிரிம்மா. காலைல கையெழுத்துப் போட்டுட்டு மத்தியானம் கிளம்பிடுது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கார்த்திகை வந்துவிட்டிருந்தது.

என்னை ஒரு விவசாய அலுவலகத்துக்கு அழைத்துப் போகச் சொன்னார். எந்த மாடி, எந்த மேஜை என்று எனக்குத் தெரியும். அந்த மேஜையில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். "மருந்துதான் இருக்கே மேடம், எண்ணெய் எதுக்கு? கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை, பூட்ஸ் போட்டுக்கிட்டு, காத்துக்கு எதிர்ல நிக்காம அடிக்கச் சொல்லுங்க. ஒண்ணும் ஆகாது." அவர் சொன்னதில் தவறே இல்லை. நடைமுறை அதுதான். சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் பந்தலுக்குக் கீழே குனிந்து நடக்கும் ஒருவன் பூட்ஸும் முகமூடியும் அணிந்திருப்பதை நான் கற்பனை செய்து பார்த்தேன். வெளியே வந்ததும் அவர், "சரியாத்தான் சொல்றாங்க. ஆனா செய்யவே முடியாததைச் சொல்றாங்க" என்றார். எங்கள் துறைகள் அனைத்தையும் இதைவிடச் சுருக்கமாக யாரும் விமர்சித்ததில்லை.

மார்கழியில் பனியும் மூட்டமும் சேர்ந்தது. அசுவினிக்கு அதுதான் பண்டிகைக் காலம். அவரைப் பந்தலில் நுனியெல்லாம் கறுத்துவிட்டது என்று தம்பி வந்து சொன்னான். சொல்லிவிட்டுக் கையை நீட்டினான். அவர் முகர்ந்தார். மண் வாசனை.

அவர் தூங்குவதில்லை என்பது அவர் கண்ணில் தெரிந்தது. கல்லூரியில் விடுப்பு எடுத்தார். குக்கர் ஓயாமல் ஓடியது. புல் போதாது என்று நாட்டுமருந்துக் கடையில் கிராம்பு வாங்கிக் காய்ச்சினார். கிராம்பெண்ணெய் கொஞ்சம் கனமானது, கூடுதல் நேரம் நிற்கும் என்றார். அளவைக் கூட்டினார், பிறகு இன்னும் கூட்டினார். ஒரு ஞாயிறு காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு பந்தலுக்குப் போய்த் தானே தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு அடித்தார். பூச்சிகள் கொத்துக் கொத்தாக விழுந்தன. தம்பி கை தட்டினான்.

மறுநாள் போய்ப் பார்த்தபோது இலையோரமெல்லாம் இஸ்திரிப் பெட்டி பட்டதுபோலக் கருகியிருந்தது. பூ அத்தனையும் கீழே கொட்டிக் கிடந்தது. காய்க்க இருந்த பூ. பந்தலின் அந்தப் பாதி அந்த ஆண்டு அவ்வளவுதான். அடுத்த பாதியின் நுனியில், கருகாத ஒரு கொத்தில், அசுவினிகள் மும்முரமாக இருந்தன.

தம்பி மனைவி குனிந்து பூவை ஒரு கை அள்ளிக் காட்டினாள். "இன்னா அண்ணி இது? பூச்சி உசுரோட கீது, பூவு செத்துப் பூட்ச்சே!"

"சும்மா இரு. அக்கா வேணும்னா செஞ்சா?" என்று தம்பி அவளை அதட்டினான்.

அவர் கீழே உட்கார்ந்து, கருகிய இலை ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு இன்னொன்றை. அங்கே தலையில் அடித்துக்கொண்டு அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும். இலை இலையாக முகர்ந்துகொண்டிருந்தவரிடம் என்ன சொல்வது? தம்பி அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் நின்றுகொண்டிருந்தான் என்பது நினைவிருக்கிறது. உட்காரத்தான் அந்த நிலத்துக்கே வந்தவன்.

"எக்கா, கிராம்பு வேண்டாம். உன் பழைய புல் எண்ணெயவே குடு. நான் விடிய முன்னால பனியோட அடிச்சுப் பாக்கேன்" என்றான் கடைசியில்.

கொடுத்தார். பொங்கலுக்கு முன்பு அவன் ஓடி வந்தான். பூச்சி இல்லை என்றான். நம்பாமல் போய்ப் பார்த்தார். மீதிப் பந்தலில் ஒரு நுனியிலும் கறுப்பு இல்லை. காய்ந்த அசுவினிகள் தூசிபோல உதிர்ந்தன. அவன் கைகளை முகர்ந்தார். கமகமவென்று எலுமிச்சைப் புல்.

அன்று மாலை எங்கள் வீட்டுக்குப் பாயசம் வந்தது. அதிலும் புல் வாசனை.

"பனிதான் சார் காரணம்! விடியறதுக்கு முன்னாடி அடிச்சா பனி எண்ணெயைப் பிடிச்சு வச்சுக்குது. எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. படிக்காத பய கண்டுபிடிச்சிட்டான்" என்றார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

அரசுப் பணியில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. மாதக்கணக்காக நகராத ஒன்று திடீரென்று எந்தக் குறையும் இல்லாமல் முடிந்தால், யாரோ எதையோ காட்டாமல் வைத்திருக்கிறார்கள். "அதெப்படிம்மா ஒரே வாரத்துல அடியோட போகும்? செம்பருத்தில நீங்களும் காலைப் பனில அடிச்சுத்தானே பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "எதுவுமே நல்லபடியா முடிஞ்சிரக் கூடாது சார் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். பாயசக் கிண்ணத்தைத் திரும்பக் கேட்கவில்லை.

சுவருக்குள் இருந்த ஈரத்தைக் கண்டுபிடித்த மூக்கு அது. மாதக்கணக்கில் அந்தப் புல் ஆவியிலேயே நின்று மரத்துப்போயிருந்தது என்று பிற்பாடு அவரே காரணம் சொன்னார். இருக்கலாம். மூக்குக்கும் சந்தோஷம் என்று ஒன்று வேண்டியிருந்திருக்கலாம்.

பொங்கல் முடிந்து சில நாள் கழித்து, ஒரு ஞாயிறு முற்பகலில், எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. தம்பி மனைவி ஏதோ பூத்திலிருந்து கத்தினாள். "சார், அண்ணிய இட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு வாங்க சார். அவுரு பந்தலாண்ட வுயுந்துட்டாரு. வாயில நொரை நொரையா வருது சார்."

ஆட்டோ பிடித்தோம். எனக்கு அரசு மருத்துவமனையின் எந்த வாசலில் இறங்க வேண்டும் என்று தெரியும். விஷம் என்று சந்தேகப்பட்டால் போலீசுக்குத் தகவல் போகும், குடித்தாரா தெளித்தாரா என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பதெல்லாம் தெரியும். சொல்லிக்கொண்டே வந்தேன். யாரும் கேட்கவில்லை.

தம்பியை ஒரு கட்டிலில் போட்டிருந்தார்கள். உடம்பு முழுக்க வியர்வை. கன்னத்தில், கையில், தோலுக்கடியில் சதை தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. மூச்சு ஒவ்வொன்றும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. டாக்டர் சிறு வயதுக்காரர், தூக்கம் கெட்ட முகம்.

"கண்பாப்பா ஊசி முனை மாதிரி சுருங்கியிருக்கு. பாத்தா பூச்சிமருந்து கேஸ் மாதிரிதான் இருக்கு. ஆனா இவங்க இல்லவே இல்லைங்கறாங்க. ஒரு ஊசி போட்டிருக்கேன். பூச்சிமருந்துன்னா மேல மேல நிறையப் போடணும். வேற ஏதாவதுன்னா அந்த ஊசியே ஆளைச் சாச்சுடும். என்ன அடிச்சார்னு உறுதியாச் சொல்லுங்க" என்றார்.

"அண்ணி எண்ணெதான் சார்" என்றாள் தம்பி மனைவி. "காலீல நாந்தான் பாட்ல எடுத்துக் குடுத்தேன். என் கண்ணால பாத்தேன் சார். கைய மோந்து பாருங்க, வாசன கீது."

டாக்டர் அவன் கையருகே குனிந்தார். "ஆமா. லெமன் கிராஸ்" என்று சொல்லி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "நீங்க தயாரிச்சதா? அதுல வேற என்ன கலந்தீங்க?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என் எண்ணெய்தான் இவனைக் கொல்கிறது என்பது அவர் கண்ணுக்குள் இறங்குவது தெரிந்தது. "புல் எண்ணெய்... பூந்திக்கொட்டை... வேற ஒண்ணும் இல்ல டாக்டர். ஆளக் கொல்லுத எதுவும் அதுல இல்ல." கல்லூரித் தமிழ் உதிர்ந்துவிட்டிருந்தது. "ஏல, என்னல செஞ்ச? சொல்லுல!"

அவன் கேட்கிற நிலையில் இல்லை. வழக்கம்போல அவன் கையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். புல் வாசனை எனக்கே அடித்தது. அப்படியே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், எப்ப அடிச்சானாம்?"

"விடியறதுக்கு முன்னாடி" என்றாள் தம்பி மனைவி. "டெய்லி அப்பதானே அடிக்கறாரு."

"இப்ப வெயில் உச்சிக்கு வந்துட்டே" என்றார். "இன்னும் எப்படி வாசனை இருக்கு?"

யாருக்கும் புரியவில்லை. வாசனை இருப்பதில் என்ன குற்றம் என்று டாக்டர் பார்த்தார்.

அவர் அந்தக் கையை விட்டுவிட்டு, கட்டிலின் மறுபக்கம் போய், தம்பியின் தோளைப் பிடித்துப் புரட்டினார். தெளிப்பான் உட்காரும் இடத்தில் சட்டை முதுகோடு ஒட்டி இருந்தது. அங்கே முகத்தை வைத்தார். எங்கள் வீட்டுச் சுவரில் வைத்தாரே, அதேபோல, கண்ணை மூடிக்கொண்டு. நிமிர்ந்தார்.

"பூண்டு" என்றார். "அழுகின பூண்டு வாடை. போன வருஷம் வந்ததே, அதே வாடை."

"உறுதியாச் சொல்றீங்களா மேடம்? இவங்க பாட்டிலை எடுத்துக் கொடுத்ததா சொல்றாங்களே."

"பாட்டில் என்னோடதுதான் டாக்டர். உள்ள இவன் மருந்தை ஊத்தி வச்சிருக்கான். என் எண்ணெய் நிக்காது. வெயில் வந்தா போயிடும். ஒரு வருஷமா அதோடதான் மல்லுக்கட்டுதேன், எனக்குத் தெரியாதா? கையில மட்டும் தண்ணி சேக்காத எண்ணெயத் தேச்சிருக்கான், நான் மோந்து பாப்பேன்னு." மூச்சு வாங்கியது அவருக்கு. "என் எண்ணெய் ஒரு பூச்சியக்கூடக் கொல்லல. எல்லாத்தையும் கொன்னது மருந்துதான். போதுமா? ஊசியப் போடுங்க!"

டாக்டர் ஓடினார்.

என் பணிக்காலத்தில் தோல்வி அறிக்கைகள் நிறையப் படித்திருக்கிறேன். பருவமழை, நிதிப் பற்றாக்குறை, முந்தைய அதிகாரி, இவர்களில் ஒருவர் கட்டாயம் உள்ளே இருப்பார். இவ்வளவு சுருக்கமான அறிக்கையை, அதை எழுதியவரே வாசித்து, நான் கேட்டதில்லை.

தம்பி மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வெளியே வந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். என் மனைவி முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் கோயிலுக்குப் போறேன். நட்சத்திரம் ரோகிணிதானே? உறுதியாக் கேட்டுச் சொல்லுங்கோ, இந்தத் தடவை தப்பு வரப்படாது" என்றாள். எனக்குத் தெரிந்திருந்தும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தேன்.

அவன் பிழைத்தான். எத்தனையோ ஊசிக்குப் பிறகு, மூச்சுக்குழாயில் குழாய் வைத்து, கட்டி வைத்து, பல நாள் கழித்து. பேச்சு வந்த அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். அக்கா அவனைத் திட்டுவதற்காக நிறைய வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றில் ஒன்றையும் அவரால் எடுக்க முடியவில்லை. "ஏம்ல?" என்று மட்டும் கேட்டார்.

அவன் முகத்தை மேலே திருப்பிக்கொண்டான். "நீ அன்னைக்குப் பாயசம் வச்ச. அதுக்குப் பொறவு எப்படிச் சொல்ல?" என்றான்.

அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

உயிர் வந்ததே தவிர, கால் வரவில்லை. நரம்பு தளர்ந்துபோனது. பிடித்துக்கொண்டு நான்கு தப்படி வைப்பான், பிறகு உட்கார வேண்டும். நிலத்தை விட்டுவிட்டார்கள். தம்பியையும் மனைவியையும் அக்கா மாடிக்கே அழைத்து வந்துவிட்டார். செம்புச் சுருளைப் பழைய இரும்புக் கடையில் போட்டார். குக்கரில் மறுபடி விசில் வந்தது. எவ்வளவு தேய்த்தும் அதில் வைத்த சோற்றிலிருந்து புல் வாசனை போகவில்லை. செடியில் அரை நாள் நிற்காத எண்ணெய், குக்கரில் ஆண்டுக்கணக்கில் நின்றது. மூவரும் அதைத் தினமும் சாப்பிட்டார்கள்.

பகலில் தம்பியை மொட்டைமாடியில் செம்பருத்திப் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவன் மனைவி வேலைக்குப் போவாள். அசுவினி இல்லாத பருவம் அந்தச் செடிக்கு வாய்த்ததே இல்லை. அவன் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குவளையும் துணியும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நுனியாகப் பிடித்து, பூச்சியைத் துடைத்து எடுப்பான். துடைக்கத் துடைக்க வரும். "உக்காந்துக்கிட்டே செய்யுத வேலைதானே சார்" என்பான் என்னிடம். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வான். நான் பேப்பரைப் பார்க்கத் தொடங்குவேன்.

மாலையில் அக்கா கல்லூரியிலிருந்து வருவார். படியேறும் செருப்புச் சத்தம் கேட்டதும் அவன் துணியை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு காத்திருப்பான். அவர் குனிந்து ஒரு கையை முகர்வார், பிறகு மறு கையை. தண்ணீர் வாசனைதான் இருக்கும், வேறென்ன இருக்கப்போகிறது. அதன் பிறகு அவனைச் சற்று முன்னால் சாய்த்து, முதுகையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.